கொல்லைக்குப் போன முல்லை

பகவதியைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முந்தின நாள், சிதம்பரநாதன் வாசலில் இருந்த முல்லைக்கொடியைத் தோண்டி எடுத்தார். இறந்துபோன மனைவி கோமதி பதினோரு வருடங்களுக்கு முன்னால் வைத்தது. பனிக்காலம் முழுக்கக் குச்சியாய் நின்று, இப்போதுதான் கணுக்கணுவாய்த் துளிர்க்கத் தொடங்கியிருந்தது. வேரைப் பிடித்திருந்த தாய்மண் உதிராமல் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் குளியலறைக்குப் பின்னால் நட்டார்.

கல்யாணத்துக்கு மறுநாள் பகவதி அதைப் பார்த்துவிட்டாள். துளிரெல்லாம் துவண்டு கிடந்தது.

"இங்க வெயிலே விழாதே. யாரு கொண்டு வச்சது?"

"நான்தான்."

"வாசல்ல குழி மூடின தடம் கெடக்கு. அவங்க வச்ச கொடியா?"

அவரால் தலைநிமிர முடியவில்லை. பகவதி மண்வெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள்.

"எடுங்க, வாசல்லயே வச்சிருவோம். நான் பிடிச்சிக்கிடுதேன்."

மண்ணைப் பார்த்தபடியே தோண்டினார். கொடியைத் தாங்கியிருந்த அவள் கைகளில் மருதாணி இன்னும் சிவந்திருந்தது.