கன்றுத்தோலில் ஒரு முத்தம்

அந்த வேதப் புத்தகத்துக்கு ஆயிரத்து இருநூறு வயது. கன்றுத்தோல் ஏட்டில் வரைந்திருந்த சிலுவையை அந்நாளைய ஆங்கிலத் துறவிகள் முத்தமிட்டுத்தான் செபம் தொடங்குவார்களாம். அழிப்பானால் ஏட்டை மெல்ல ஒற்றியெடுத்த தூளைக் கருவியில் போட்டால், உதடு எப்போது பட்டது என்று அது சொல்லிவிடும்; இங்கே வேலைக்கு வந்தவர்களின் மாதிரிகள் அதில் இருப்பதால், அவர்களென்றால் பெயரையும் சொல்லும். துறவிகளின் தடங்களை விட்டுவிட்டு, பிற்காலத்துத் தடங்களை அழிப்பது அந்த நூலகத்தில் சிவகௌரியின் வேலை.

இன்று கருவி காட்டிய பெயர் கருணைராசன். கடவுளே இல்லை என்று சாதிக்கும் அவள் கணவர். கருவி காட்டிய மாதம், புத்தகத்தின் பொன் அட்டையைப் பழுதுபார்க்க அவர் இங்கே வந்துபோன மாதம். தலையில் அறுவைச் சிகிச்சை முடிந்து அவள் கண் திறக்காமல் கிடந்த மாதமும் அதுதான்.

கையில் எடுத்த அழிப்பானை அவள் திரும்ப வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில், வழக்கம்போல அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

“கல்லிட்டக் கேட்டு என்னத்தைக் காணப்போறீர், கௌரி?”

“ஏன், நீங்கள் கண்டுத்தோலிட்டக் கேட்டு என்னைத் திருப்பி எடுக்கேல்லையோ?” என்றுவிட்டு, அருச்சனைத் தட்டோடு உள்ளே போனாள்.