மூன்றாவது மூச்சுத்திணறல்

"டாக்டர், அந்தப் புதுச் சோளந்தான் காரணம். தயவுசெஞ்சு அதைச் சோதிச்சுப் பாருங்க!"

அவசர சிகிச்சைப் பிரிவில் அவளுடைய ஆறு வயது மகன் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தான். உதடும் கண்களும் வீங்கியிருந்தன. ஒரே மாதத்தில் இது மூன்றாவது முறை. அவள் டாக்டரின் கையை விடவே இல்லை.

"மரபணு மாத்தினதுன்னாலே எல்லாரும் இப்படித்தான் பதறுறீங்கம்மா. பூச்சிமருந்தே அடிக்காம விளையுற சோளம் அது. முன்னாடி மருந்தடிச்சு மயங்கி விழுந்து எத்தனை விவசாயிங்க இங்க வந்தாங்க தெரியுமா? இப்ப ஒருத்தர்கூட வர்றதில்ல."

"அது உண்மைதான் டாக்டர். ஆனா என் பிள்ளைக்கு ஒத்துக்கலையே! மூணு தடவையும் ஸ்கூல்ல குடுத்த ரொட்டியைத் தின்ன பிறகுதான் வீங்கியிருக்கு. அது அந்தச் சோள மாவுல சுட்டதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"வேற எதுவா வேணா இருக்கலாம். வாட்ஸ்அப்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்க." டாக்டர் கணினியில் ஓர் அறிக்கையைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஒவ்வாமை வராதுன்னு ஆய்வுக்கூடத்துல சோதிச்சு எழுதியிருக்காங்க. கையெழுத்துப் போட்ட விஞ்ஞானியைவிட உங்களுக்கு அதிகமாத் தெரியுமா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கையெழுத்து என்னோடது டாக்டர். சீக்கிரம் முடின்னு மேலிடத்துல நெருக்கினாங்க. ஒவ்வாமைச் சோதனையைச் செய்யாமலே செஞ்சதா எழுதிட்டேன். என் பிள்ளையும் அதைச் சாப்பிடுவான்னு அன்னைக்குத் தோணவே இல்ல."