அரைக்கூடை

“நாப்பது நாளாச்சு. நம்ம கடையிலேர்ந்து அந்த முதியோர் இல்லத்துக்கு ஒரு கத்தரிக்காய்கூடப் போகலை. வயசானவங்க வாயில மண்ணைப் போட்டுட்டியேம்மா!”

காய்கறிக் கடை முதலாளி மேசையைத் தட்டினார். எதிரே நின்றவள் அசையவில்லை.

மறுநாளைக்கு என்னென்ன சரக்கு, எவ்வளவு வேண்டும் என்று சீட்டு எழுதுவது அவள் வேலை. சேர்ந்த முதல் வாரமே முழுக்கூடைகளை அரைக்கூடைகளாக்கிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரே ‘அரைக்கூடை’ என்றாகிவிட்டது.

முதலாளிக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, எந்நேரமும் நிறைந்து வழியும் தம் கடைத் தட்டுகள். மற்றொன்று, கடை சாத்தும் நேரத்தில் மிஞ்சிய காய்களை ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் புறப்படும் வண்டி. அது தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

கொடுக்கும் கை உயர்ந்தது என்பார்கள். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவரே பார்ப்பதில்லை.

அரைக்கூடை வந்த பிறகு மிச்சமும் இல்லை. மாலை வண்டியும் இல்லை.

“மிஞ்சினாத்தானே ஐயா ஏத்த முடியும்?”

“ஏன் மிஞ்சலை? நீ மிஞ்ச விடலை!”

“மழை நாள்ல கீரை போகாது. பள்ளிக்கூடம் லீவுன்னா கேரட் போகாது. எந்தத் தட்டு எத்தனை மணிக்குக் காலியாகுதுன்னு குறிச்சு வெச்சுத்தான் எழுதறேன். காலையில பாதி, மத்தியானம் பாதின்னு ரெண்டு நடையா வர்றதால எதுவும் வாடறதில்லை. நேத்து குப்பை வண்டிக்காரர் நம்ம தொட்டியை எட்டிப் பார்த்துட்டு, ‘என்னம்மா, கடையை மூடிட்டீங்களா?’ன்னு கேட்டாரு.”

சொல்லும்போது அவள் முகவாய் சற்றே உயர்ந்தது, பரிசு வாங்கியவளைப் போல.

“இங்க தொட்டி காலின்னு உனக்குப் பெருமை. அங்க வயிறு காலியா கிடக்குதே, அதுக்கு என்ன சொல்றே?”

அவள் நாளைய சீட்டை மேசைமீது வைத்தாள். “ஒரு தடவை படிச்சுப் பாருங்க ஐயா. வேண்டாம்னா அடிச்சுடுங்க.”

“படிக்கிறதுக்கு என்ன இருக்கு? எல்லாம் அரை, அரை, அரை! முழுக்கூடையா மாத்தி எழுது. இல்லைன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்.”

“அழுகப் போறது தெரிஞ்சே எழுத என் கை வராது. வேற ஆளைப் பார்த்துக்குங்க ஐயா.”

அவர் பதில் சொல்லுமுன் வாசலில் நிழலாடியது. வந்து நின்றவர் முதியோர் இல்லத்துச் சமையல்காரர். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெறுங்கூடைகள்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். “பார்த்தியா? வெறுங்கூடையைத் தூக்கிட்டுக் கேட்டு வாங்க வந்துட்டாரு மனுஷன். என் மானம் போச்சு!”

“கேட்டு வாங்கவா?” சமையல்காரர் கூடைகளை இறக்கினார். “திருப்பிக் குடுக்க வந்தேன் முதலாளி. எங்க சமையல்கட்டுல கால் வைக்க இடமில்லை.”

“என்ன கூடை இதெல்லாம்?”

“தினமும் காலையில உங்க சரக்கு வண்டி இறக்கிட்டுப் போறதுதான். அனுப்பறதும் நீங்க, கேக்கறதும் நீங்களா? நல்ல கூத்து!”

முதலாளி குனிந்து ஒரு கூடையைப் புரட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க,” என்றார் சமையல்காரர். “முன்னாடியெல்லாம் ராத்திரி வர்ற கூடையில பாதி கொழகொழன்னு இருக்கும். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பார்க்கறது? பேசாம அழுகலை வெட்டிக் கொட்டிட்டு மிச்சத்தை ஆக்குவோம். இப்போ வர்ற வெண்டைக்காய் ஒடிச்சா ‘படக்’குனு சத்தம் கேக்குது! ‘நம்மளையும் ஒருத்தர் மனுஷனா மதிச்சு அனுப்பறாரு’ன்னு பெரியவங்க தினமும் உங்களை வாழ்த்திட்டுத்தான் சாப்பிடறாங்க.”

தம் கடைக் குப்பையை ஊரார் பார்க்க ஊர்வலமாக அனுப்பி, இன்னொரு வீட்டுத் தொட்டியில் கொட்டியிருக்கிறோம் என்பது முதலாளிக்கு அப்போதுதான் உறைத்தது.

“யாரும்மா அனுப்பச் சொன்னது?” குரல் இறங்கியிருந்தது.

“நீங்கதான் ஐயா. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு மாலை வண்டியில நானும் போனேன். இவரு அழுகலை வெட்டிட்டு உக்காந்திருந்ததைப் பார்த்தேன். இங்க வீணாப்போனது நின்னதும், அவங்களுக்குன்னு நல்லதாவே எடுக்க முடிஞ்சுது. தினமும் சீட்டுல எழுதறேன். நீங்க கையெழுத்துப் போடறீங்க.”

முதலாளி சமையல்காரர் பக்கம் திரும்பி, நெஞ்சு நிமிர, “அந்த வாழ்த்தெல்லாம் இவங்களுக்குச் சேர வேண்டியது. எங்க கடை அரைக்கூடை!” என்றார். இதுவரை கேலியாகவே ஒலித்த அந்தப் பெயர், முதன்முறையாகப் பட்டம்போல ஒலித்தது.

பேனாவைத் திறந்தவர், நாற்பது நாளில் முதல் தடவையாகச் சீட்டை மேலிருந்து படித்தார்.

முதல் வரி: ‘முதியோர் இல்லம். முதல் தரம். முதல் இறக்கம். ஒரு கூடை, முழுசாக.’

அதன்கீழ்தான் கடை. அங்கே எல்லாம் அரை, அரை, அரை.

அந்தச் சீட்டில் இருந்த ஒரே முழுக்கூடை, முதல் வரியில் இருந்ததுதான்.