சாயங்காலக் காது

மதியம் மூன்று மணிக்குமேல் தனப்பிரியாவுக்குக் காது கேட்காது.

காது மெஷினின் சார்ஜ் அவ்வளவுதான் தாங்கும். மறுபடி ஏற விடிந்துவிடும். நான் ஆபீஸ் முடிந்து சூரமங்கலம் வீட்டுக்கு வரும்போது என் மனைவி சத்தமில்லாத ஒரு ஊருக்குப் போய்விட்டிருப்பாள்.

வெண்ணந்தூரில் விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவள். அந்த இரைச்சல்தான் அவள் காதைத் தின்றது. அங்கே போனால், தறிகள் ஓட ஓட, அவளும் அவள் அண்ணன் மயில்சாமியும் தறிக்குடோனின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நின்று எதற்கோ சிரித்துக்கொள்வார்கள். எதற்கென்று நான் கேட்டதில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில் எதிரெதிரே உட்காருவோம். கஞ்சமலைப் பக்கம் வெயில் இறங்கும். மேற்குப் பார்த்த நாற்காலி எனக்கு. அது அவள் போட்ட சட்டம்.

கேட்காது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வேன். உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்பேன். உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், நீ இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது என்பேன்.

அவள் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ஆசை யாரை விட்டது. இதையெல்லாம் ஒருநாள் அவள் காதால் கேட்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சில்லு வடிவமைப்பதுதான் என் வேலை. மெஷினுக்குள் இருந்த பிராசசர் ஒவ்வொரு துளிச் சத்தத்துக்கும் எண்களை எடுக்க, பெருக்க, கூட்ட, திருப்பி வைக்க என்று தனித்தனியாக அலைந்தது. உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை கடைக்குப் போகிற மாதிரி. அலைச்சலில்தான் சார்ஜ் தீர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே நடையில் முடிக்கும் புதுக் கட்டளை ஒன்றை அதன் கட்டளைகளோடு சேர்த்தேன்.

அந்தச் சில்லு வைத்த மெஷினை இன்று காலை அவள் காதில் மாட்டினேன்.

சாயங்காலம் ஜங்ஷன் பக்கம் ரயில் கூவியது. நாற்காலியில் இருந்த தனப்பிரியா திரும்பிப் பார்த்தாள்.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்றைக்கு மழை வராது போலிருக்கிறது என்றேன்.

"ஏனுங்க, நேத்து வரைக்கும் சொன்னீங்களே, அதயே சொல்லுங்க. தறிக்குடோன்ல ஆருக்குங்க காது கேட்டுச்சு? வாயசைவு போதுமுங்க."

என் முகவாயைப் பிடித்து வெயில் விழும் பக்கமாகத் திருப்பினாள். பிறகு காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அதில் இன்னும் பாதிச் சார்ஜ் இருந்தது.