மிதவை அடித்த விளக்கு

காலையிலிருந்து வெறும் வயிறாகச் சுற்றிய ஆலாப் பறவை, ஒரு கப்பலின் பின்னால் கடல் கருத்துக் கிடப்பதையும் அதற்குக் கீழே மீன் கூட்டம் போவதையும் பார்த்துவிட்டது.

"குதிச்சிடாத தங்கச்சி," என்றது, எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க அங்கே நிறுத்தியிருந்த மிதவை. "விளக்கடிச்சுப் பார்த்தேன், மினுங்குது. எண்ணெய்தான். இறக்கையில ஒட்டினா அப்புறம் பறக்கவே முடியாது."

கப்பல் 'பூம்ம்ம்' என்று தொண்டையைச் செருமியது. "இந்தக் குண்டனுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணெய். அது என் நிழலும்மா. நீ தாராளமா குதி."

இவ்வளவு பெரிய கப்பல் பொய்யா சொல்லும் என்று ஆலா இறக்கையை மடக்கிப் பாயத் தொடங்கியது. அதற்குள் கப்பல் அவசரமாகக் கிளம்பிவிட்டது. கருப்பு மட்டும் இருந்த இடத்திலேயே கிடந்தது.

ஆலா பாதி வழியில் சட்டென்று இறக்கையை விரித்து மேலே ஏறியது.

"கப்பலண்ணே," என்று பவ்வியமாகக் கூப்பிட்டது, "நிழலை விட்டுட்டுப் போறீங்களே."