முனியப்பன் தராத உத்தரவு

"இன்னொரு செம்பு ஊத்திப் பாருங்க பூசாரி. இந்தத் தடவை உதறிரும்" என்றான் கந்தசாமி.

பூசாரி மாதேஸ்வரன், முனியப்பன் சாமி சிலைக்கு முன்னால் நிறுத்தியிருந்த கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரைத் தலையில் தொடங்கி வால் வரைக்கும் ஊற்றினார். கிடா அசை போட்டுக்கொண்டு நின்றது. ஒரு முடிகூடச் சிலிர்க்கவில்லை.

"நானும் எத்தனையோ கெடா பாத்துட்டேன். ஆடுன்னா தூறல் பட்டாலே உதறும். இது என்னடான்னா எருமையாட்டம் நிக்குது" என்றார் பூசாரி.

அம்மாசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஸ்டேட்டில் அவன் குடியிருக்கும் லயன் வீட்டுக்குப் பின்னால் வாத்து, கோழிகளோடு கறிக்கென்றே வளர்ந்த கிடா. நோய் நொடி கிடையாது. தண்ணீர் ஊற்றியதும் அது உடம்பை உதறினால், முனியப்பன் உத்தரவு கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். உடனே வெட்டு. வெட்டிய கையோடு அம்மாசியின் மகள் சாந்திக்கும் கந்தசாமிக்கும் நிச்சயம். உதறாத கிடாயை அந்த எஸ்டேட்டில் இதுவரை யாரும் வெட்டியதில்லை. உத்தரவு இல்லாமல் யாரும் பாக்கு வெற்றிலை மாற்றியதும் இல்லை.

கந்தசாமி வேறு யாருமில்லை, அம்மாசியின் மனைவி பூவாயிக்கு உடன்பிறந்த தம்பி. குப்பனூரில் சொந்தமாக லாரி ஓட்டுகிறான். முதல் தாரம் அடி தாங்க முடியாமல் தாய் வீட்டுக்கு ஓடியவள், திரும்பவே இல்லை. தை பிறந்ததும் மலையேறி வந்து, "அக்கா பொண்ணு எனக்குத்தானே முறை" என்று அடித்துப் பேசிவிட்டுப் போனான். ஏற்காட்டுக்கு டைப்பிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்த சாந்தி அன்றிலிருந்து வாயைத் திறந்து பேசுவதில்லை. அம்மாசிக்கும் மனசில்லை. ஆனால் மச்சானிடம் மாட்டேன் என்று சொன்னால், பொண்டாட்டி என்ன நினைப்பாளோ?

அந்தப் பொண்டாட்டிதான் இப்போது கிடாயின் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பெடுத்த கெடா. வேளா வேளைக்கு தழை ஒடிச்சுப் போட்டேனே, அதுக்குத்தானா இப்படி நிக்கற? என் தம்பிக்கு நல்லது நடந்தா உனக்கு எங்க நோகுது?"

"அக்கா, குளுருல வெறைச்சுப் போயிருக்கும். வெயில்ல கட்டிட்டு ஊத்தச் சொல்லு" என்றான் கந்தசாமி.

வெயிலில் கட்டினார்கள். பூசாரி ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

"காதுக்குள்ள ஊத்துங்க."

"காதுல ஊத்துனா மனுசனே தலையை ஆட்டுவான். அது உத்தரவு ஆகாது தம்பி."

"அப்படின்னா ஒரு வாத்தப் புடிச்சுட்டு வாங்க மாமா. அது உதறும்."

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "வாத்து ஓடையில எறங்கி ஏறுறப்பெல்லாம் உதறுது. அப்பல்லாம் உன்னையக் கட்டிக்கச் சொல்லித்தான் சாமி உத்தரவு குடுக்குதா?"

கூட்டம் சிரித்தது. கந்தசாமியின் முகம் கறுத்தது. சட்டென்று அம்மாசியின் பக்கம் திரும்பினான்.

"மாமா, நீங்க ஏதாச்சும் பண்ணிப்போட்டீங்களா?"

"நான் என்ன மாப்ளே பண்ணுவேன்?" என்றான் அம்மாசி. இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று அவன் மனசுக்குள் நினைத்தது உண்மை. அது முனியப்பன் காதில் விழுந்துவிட்டதா? சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று அவனுக்கே தெரியவில்லை.

பூவாயி நடுவில் வந்து நின்றாள். "என்ற ஊட்டுக்காரரை ஒண்ணும் சொல்லாத கண்ணு. உனக்குப் பொண்ணு குடுக்கோணும்னு அவரை விட எனக்குத்தான் நொம்ப ஆசை. சாமி வேண்டாங்கறப்ப நான் என்ன பண்ணட்டும் சொல்லு?" முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

கந்தசாமி கிடாயையும் முனியப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டுகிறவன். சாமி விஷயத்தில் மட்டும் அவனுக்குத் துணிச்சல் கிடையாது.

"சரி விடு அக்கா. உத்தரவு இல்லாமக் கட்டி, நாளைக்கு வண்டி பள்ளத்துல கவுந்துச்சுன்னா யாரு பாக்கறது? வேற எடத்துல பாத்துக்கறேன். கெடாக் கறிதான் இல்லைன்னு ஆகிப்போச்சு, ஒரு வாத்தையாவது அடிச்சுப் போடு."

பூவாயி கொழுத்த வாத்தாகப் பார்த்துப் பிடித்து அடித்து, மிளகு தூக்கலாக வைத்துக் குழம்பு வைத்தாள். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளி அள்ளிப் போட்டாள். அவன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறி மலையிறங்கிப் போனான்.

பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் அம்மாசிக்குக் குழப்பம் தீரவில்லை. வீட்டுக்குப் பின்னால் போனான். வாத்து இறகுகள் சிதறிக் கிடந்தன. இடத்தைக் கழுவிவிடலாம் என்று டிரம்மிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு தூக்கினான்.

வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த கிடா குடத்தைப் பார்த்ததும் ஓடி வந்தது. அவன் காலடியில் நின்று கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு காத்திருந்தது.

அம்மாசி குடத்தைச் சாய்த்தான். அத்தனை தண்ணீரும் முதுகில் வழிந்தது. கிடா அசையவில்லை.

"போதுமுங்க. இனிமே அதுக்குக் குளியல் வேண்டாம்." பின்னால் பூவாயியின் குரல்.

அம்மாசி திரும்பினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து இறகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவன் வந்து கேக்கறப்ப இல்லைன்னு என்ற வாயால எப்படீங்க சொல்றது? அவன் பொண்ணு கேட்டுட்டுப் போன மறுநாள்ல இருந்து, நீங்க வேலைக்குக் கெளம்பினதும் தெனமும் கொடம் கொடமா ஊத்துனேன். மொதல்ல நல்லாத்தான் உதறுச்சு."