வாயிற்காவலனுக்குத் திருநீறு

கூத்து முடிந்து விடிந்ததும், கதையில் கொலையுண்ட அரசி தன் சாவுக்குக் காரணமானவர்களை மன்னித்துத் திருநீறு பூசிவிட வேண்டும். பூசிக்கொள்ளாதவர் முகச்சாயத்தைக் கழுவக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அரசி வேஷம் கட்டிய ஏகாம்பரம், குளக்கரையில் நின்று, கொல்லச் சொன்ன ராஜாவுக்குப் பூசினார். வாள் வீசியவனுக்கும் பூசினார். வாயிற்காவலனாக நடித்த தணிகாசலம் நெற்றியை நீட்டியபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டார்.

“நான் இன்னாண்ணே பண்ணேன்? எனக்கு வசனமே கெடையாதே. கதவாண்ட நின்னதோட சரி.”

“உள்ள வாளோட நிக்கறான்னு உனக்குத் தெரியுமில்ல? உன்னத் தாண்டித்தான நான் போனேன்.”

ராஜாவின் பச்சையும் கொலையாளியின் சிவப்பும் குளத்தில் கரைந்து மெல்ல விரிந்தன. தணிகாசலம் சாயம் பூசிய முகத்தோடு ஆளில்லாத மேடைக்குத் திரும்பி நடந்தான். கதவாகக் கட்டியிருந்த சேலை காற்றில் விலகி விலகி மூடிக்கொண்டிருந்தது. அதனருகே, தன் இடத்தில் நின்றான்.

“தாயே, உள்ள போவாதீங்க!” என்று கத்தினான்.

குளத்தில் இறங்கிக்கொண்டிருந்த அரசி, கையில் மிச்சமிருந்த திருநீற்றோடு, தண்ணீருக்கு ஒரு படி மேலேயே நின்றுவிட்டாள்.